பளபளப்புக்கு மானியம் கேட்காதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர்ச் சோழர் காலக் கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. கூரை ஒழுகுகிறது, சுவரெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. அரசு மானியம் வாங்கிக் கோயிலைப் பளபளப்பாக்க ஊர்க்காரர்கள் என்ன செய்யவேண்டும்?

பதில்: பட்டியலில் உள்ள கோயிலுக்கு ஊர்க் கமிட்டியின் கையில் யாரும் பணம் தரமாட்டார்கள். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அதைப் பராமரிப்பது தொல்லியல் துறையின் வேலை, செலவும் அவர்களுடையது. சென்னை அல்லது திருச்சி வட்ட அலுவலகத்துக்குப் படங்களோடு எழுதுங்கள். எந்த மூலையில் ஒழுகுகிறது, மழை விட்டு எத்தனை நாள் சொட்டுகிறது என்றும் குறிப்பிடுங்கள். ஊரில் நன்கொடை திரளுமானால் 1996இல் தொடங்கப்பட்ட தேசியப் பண்பாட்டு நிதியத்தின் வழியாக, இந்தக் கோயிலுக்கென்றே கொடுக்கலாம். வரிவிலக்கும் உண்டு. பட்டியலில் இல்லாத கோயில் என்றால் அறநிலையத் துறையையும் அதன் வல்லுநர் குழுக்களையும் அணுகவேண்டும்.

இனி அந்தப் பளபளப்புக்கு வருகிறேன். இதற்காக இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை சண்டை பிடித்தாயிற்று, இன்னும் பிடிப்பேன். முன்பு கோயில்களின் கருங்கல் சுவரைப் பளபளப்பாக்க மணலைப் பீய்ச்சியடிக்கும் எந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். கல்வெட்டு எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான். நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய நெய்க்காகச் சாவா மூவாப் பேராடு (எண்ணிக்கை குறையாமல் காக்கப்படும் ஆட்டு மந்தை) 90 விட்ட செய்தி ஆயிரம் ஆண்டு மழையைத் தாங்கி நின்றது, அந்த எந்திரத்தின் முன் ஒரு பிற்பகல் தாங்கவில்லை. தடை வந்தது, அழிந்த வரிகள் வரவில்லை. சுவரின் கறுப்பு பெரும்பாலும் பாசியும் எண்ணெய்ப் பிசுக்கும்தான். நீர்க்கசிவை நிறுத்தினால் பாசி காய்ந்துவிடும். மிச்சத்தை மென்மையான தூரிகையும் நீர்த்த அமோனியாவும் கொண்டு துறையின் வேதியியல் பிரிவினர் எடுப்பார்கள். ஊர் இளைஞர்கள் கம்பித் தூரிகையோடு இறங்கவேண்டாம்.

ஆகவே கூரைதான் முதல் வேலை. கல் கூரைமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், அதன்மேல் தட்டையான சுட்ட ஓடு, இதுதான் பழைய முறை. ஒழுகியபோதெல்லாம் யாரோ ஒரு சிமென்ட் பூச்சு போட்டிருப்பார்கள். சிமென்ட் வெயிலில் கீறல்விடும். கீறல் வழியே இறங்கிய நீர் மேலே ஆவியாக வழியில்லாமல் உப்பைக் கரைத்துக்கொண்டு கீழே போகும். அந்த உப்பு செங்கல்லுக்குள் படிகமாகி அதைப் பொடியாக்கும். இன்னொரு பூச்சு போட்டால் பாரம்தான் கூடும். எல்லாவற்றையும் கையால் பெயர்த்தெடுக்கவேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர்விட்டு நீற்றி, சலித்து, இரண்டு மூன்று வாரமாவது தொட்டியில் ஊறவிடவேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு மணல், அதில் கொஞ்சம் செங்கல் தூள். கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைக்கவேண்டும். ஜல்லித் தளத்தை மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மழைநீர் வெளியேறும் தூம்பை நோக்கிச் சரிவு கொடுத்து, ஈரச் சாக்குப் போர்த்திக் காக்கவேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் இறுகும், அதற்கு மாதங்கள் ஆகும்.

அரசுப் பணமோ மார்ச் 31க்குள் செலவாகியாகவேண்டும். ஒதுக்கீடு டிசம்பரில் வந்தால் ஒப்பந்ததாரர் என்ன செய்வார்? நீற்றிய சுண்ணாம்பை மூன்றாம் நாளே எடுப்பார், இறுகவேண்டுமென்று சிமென்ட் கலப்பார். நல்ல கோயில்கள் பணமில்லாமல் கெட்டதைவிட அவசரப் பணத்தால் கெட்டது எனக்கு அதிகம் வலிக்கிறது. அதனால் மனுவில் தொகையோடு காலத்தையும் கேளுங்கள். வேலையை இரண்டு நிதியாண்டுகளாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முதலாண்டில் கோயிலை ஆவணப்படுத்துவதும் பெயர்ப்பதும் சுண்ணாம்பு நீற்றுவதும் நடக்கட்டும், இரண்டாமாண்டில் தளம் போடட்டும்.

தரைக்குப் புதுக் கல் பரப்ப யாராவது நன்கொடை தர வந்தால் தடுத்துவிடுங்கள். பழைய தரைமேல் அரையடி உயர்ந்தாலே கோயிலின் அடிப்பீடமான அதிட்டானத்தின் அடிவரிசை புதையும், அங்குள்ள கல்வெட்டும் புதையும், மழைநீர் கருவறைப் பக்கம் திரும்பும். கருவறைக்கு மேலுள்ள விமானத்தில் முளைத்த அரசங்கன்றையும் பிடுங்கவேண்டாம், வேரோடு சுண்ணாம்புச் சுதை வேலையும் பெயர்ந்து வரும். தண்டை அறுத்துவிட்டு வேருக்கு மருந்து வைக்கச் சொல்லித் துறையிடம் கேளுங்கள். சாரம் கட்டுவதற்கு முன்பே எல்லாக் கல்வெட்டுகளுக்கும் மைப்படி (தாளை ஒற்றி மையிட்டு எடுக்கும் படி) எடுக்கவேண்டும் என்பதை மனுவின் முதல் வரியாக எழுதுங்கள்.