பிப்ரவரியில் தனியாக சப்போரோ: பனியில் விழாமல் நடக்க

டோக்கியோவில் இருந்து வட ஜப்பானின் சப்போரோ நகருக்குத் தனியாக ரயிலில் போகிறேன், இரவில் இறங்கிப் பெட்டியோடு பனியில் நடக்கப் பயமாக இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பயப்பட வேண்டாம், ஆனால் இரவு போய்ச் சேராதீர்கள். காலையிலேயே ஷின்கான்சென் அதிவேக ரயிலில் கிளம்பினால் ஷின்-ஹகோடாடே-ஹொகுடோ நிலையம் வரை சுமார் 4 மணி நேரம். அங்கே ஹொகுடோ விரைவு ரயிலுக்கு மாறினால் இன்னும் மூன்றரை மணி நேரம். அதில் எல்லாமே முன்பதிவு இருக்கைதான். வலப்பக்கம் கேளுங்கள், கடல் நெடுநேரம் கூடவே வரும்.

சப்போரோ நிலையத்தில் இருந்து ஓடோரி பகுதி வழியாக சுசுகினோ பகுதி வரை நிலத்தடி நடைபாதை இருக்கிறது. அதன் அருகிலேயே விடுதி எடுங்கள். பனியில் பெட்டியின் சக்கரம் உருளாது, இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

வழுக்குவது புதுப்பனி இல்லை. பலர் மிதித்துக் கண்ணாடியாக இறுகியதுதான். சாலை கடக்கும் இடங்களில் ரொம்பக் கவனம். சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் பதிய நடங்கள், கையைச் சட்டைப்பையில் விடாதீர்கள். தெருமுனைப் பெட்டிகளில் மணல் வைத்திருப்பார்கள், யார் வேண்டுமானாலும் எடுத்துத் தூவலாம். அப்புறம், காலணியில் மாட்டும் முள்பட்டை ஒன்று அங்கேயே வாங்கிவிடுங்கள். கடைக்குள் நுழையும்போது கழற்றிவிடுங்கள், வழவழத் தரையில் அதுவே சறுக்கும்.