கச்சேரி இரவுக்கு ஓர் அறை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கவிருக்கும் திரையிசைக் கச்சேரிக்கு நானும் என் தோழியர் இருவரும் செல்லவிருக்கிறோம். நான் மாரியட் ஹோட்டல் குழுமத்தின் ‘பான்வாய்’ திட்டத்தில் உறுப்பினர், எச்.டி.எஃப்.சி. வங்கியின் மாரியட் கிரெடிட் கார்டும், அதில் கிடைத்த இலவச இரவு ஒன்றும் கைவசம் உள்ளன. தோழி ஒருத்தியின் கார்டுக்குப் பயணச் செயலி ஒன்றில் 10 சதவீதம் பணம் திரும்பக் கிடைக்கிறது. சாதாரண நாளில் 6,000 ரூபாய்க்குள் கிடைக்கும் அறைக்குக் கச்சேரி நாளில் 7,900 ரூபாய் கேட்கிறார்கள். இவை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அறைக்குப் பயன்படுத்த முடியுமா?
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: எல்லாவற்றையும் ஒரே அறையில் சேர்க்க முடியாது. ஹோட்டலின் உறுப்பினர் விலை, ஹோட்டல் பாயின்ட், அதற்குப் பணம் கட்டும் கார்டின் பாயின்ட் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று சேரும். பயணச் செயலியின் கழிவு மட்டும் இந்தக் கூட்டணியில் சேராது. ஏனெனில் மாரியட் முதலிய பெரும்பாலான ஹோட்டல் குழுமங்கள், பிற செயலிகள் வழியாக வரும் பதிவுகளுக்குப் பாயின்ட் தருவதில்லை, உறுப்பினருக்குரிய சலுகைகளையும் உறுதி செய்வதில்லை. எனவே தோழியின் கார்டா, உங்கள் உறுப்பினர் எண்ணா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் வரிக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் ஒரு ரூபாய் கூடினாலும் முழு வாடகைக்கும் 18 சதவீதம். நீங்கள் குறிப்பிடும் 7,900 ரூபாய் அறைக்கு வரி மட்டும் 1,422 ரூபாய். ஆக மொத்தம் 9,322 ரூபாய். செயலி வழியாகக் கட்டி, அதில் 10 சதவீதம் பின்னர் திரும்பக் கிடைத்தாலும் கையைவிட்டுப் போவது ஏறக்குறைய 8,390 ரூபாய். அதே அறையை ஹோட்டலின் சொந்தத் தளத்தில் உறுப்பினர் விலையில், வெறும் 6 சதவீதம் குறைத்துத் தருவதாக வைத்துக்கொள்வோம். வாடகை 7,426 ரூபாயாக இறங்கிவிடுவதால் வரி 5 சதவீதமாகச் சுருங்கி, மொத்தத் தொகை 7,797 ரூபாயில் நின்றுவிடுகிறது. பில் போடுவதற்கு முன் குறைகிற 6 சதவீதம், பணம் கட்டிய பின் வருகிற 10 சதவீதத்தை இங்கே தோற்கடித்துவிடுகிறது. கச்சேரி நாள்களில் சென்னையின் நடுத்தர ஹோட்டல்கள் பலவும் இந்த 7,500 ரூபாய் எல்லையை ஒட்டியே நடமாடுவதால், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் எந்தச் சலுகையையும் பெரிது, சிறிது என்று சொல்ல இயலாது.

இனி உங்கள் இலவச இரவு. ஆண்டுக் கட்டணமாக 3,000 ரூபாயும் வரியும் கட்டி நீங்கள் பெற்ற அந்த இலவச இரவுச் சான்று, 15,000 பாயின்ட் வரை விலையுள்ள ஓர் இரவுக்குச் செல்லும். மாரியட் குழுமம் 2022 முதல் பாயின்ட் விலையையும் நாளுக்கு நாள் மாற்றுவதால், நேற்று 13,000 பாயின்ட்டில் கிடைத்த அறை கச்சேரி நாளில் 20,000 ஆகியிருக்கலாம். அப்போது சான்று செல்லாது என்று எண்ணித் தேடலை மூடிவிடுகிறவர்கள் பலர். ஆனால் உங்கள் கணக்கிலிருந்து குறிப்பிட்ட அளவு வரை பாயின்ட்டைக் கூடுதலாகச் சேர்த்து அதே சான்றைப் பயன்படுத்த விதி இடம் தருகிறது. எனவே சான்றுடன் 5,000 பாயின்ட்டைச் சேர்த்தால் அந்த அறை உங்களுடையது. வரியோடு 9,322 ரூபாய் ஆகும் அறையை இப்படிப் பெறுவது நல்ல வியாபாரம். சான்று இல்லாமல் 20,000 பாயின்ட்டையும் கொடுத்து அதே அறையைப் பெற்றால் ஒரு பாயின்ட்டுக்கு 47 காசுகூடத் தேறாது. அதை நான் செய்யமாட்டேன். 60 காசுக்குக் குறைந்தால் பணத்தைக் கட்டிவிட்டுப் பாயின்ட்டை வைத்துக்கொள்வது என் வழக்கம். இது என் சொந்த அளவுகோல்; உங்கள் அவசரத்துக்கு ஏற்ப நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. கச்சேரி அறிவிக்கப்பட்ட அன்றே, டிக்கெட் விற்பனை தொடங்கும்வரை காத்திராமல், கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய விலையில் ஓர் அறையைப் பிடித்துவிட வேண்டும். டிக்கெட் கிடைக்காவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம். கிடைத்தால், அதன் பிறகு நிதானமாகப் பாயின்ட்டுக்கோ குறைந்த விலைக்கோ மாறிக்கொள்ளலாம். கொஞ்சம் மலிவாகத் தெரிகிறதே என்று, திரும்பப் பெற முடியாத முன்பண விலையில் பதிவு செய்துவிடாதீர்கள். சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2023 ஆகஸ்ட் 12 அன்று நடக்கவிருந்த ஏ.ஆர். ரகுமான் கச்சேரி, மழையால் செப்டம்பர் 10க்குத் தள்ளிப்போனதை நாம் பார்த்திருக்கிறோம். தேதி மாறினால் அமைப்பாளர் டிக்கெட்டை மறுதேதிக்குச் செல்லுபடியாக்குவார். ஹோட்டல்காரர் அப்படிச் செய்யவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. நெரிசலான நாள்களில், ரத்து செய்வதற்கான கெடுவை ஒரு நாளிலிருந்து மூன்று நாள், ஏழு நாள் என்று ஹோட்டல்கள் முன்னே தள்ளிவைப்பதும் உண்டு. பதிவுச் சீட்டில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மூவர் செல்வதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரும்பாலான அறைகளின் விலை இருவருக்கானது. மூன்றாமவருக்குக் கூடுதல் படுக்கைக் கட்டணம் உண்டு, இலவச இரவிலும் அது பொருந்தும். பதிவின்போதே மூவர் என்று குறிப்பிடாமல் நள்ளிரவில் வரவேற்பு மேசையில் வாதாடுவது நன்றாயிராது. இடத்தைப் பொறுத்தவரை, மைதானத்துக்கு அருகே தேனாம்பேட்டையில் அண்ணா சாலை மீது உள்ள பெரிய ஹோட்டல்களின் விலைதான் முதலில் ஏறும். நந்தனம் மெட்ரோ நிலையம் இருக்கும் அதே நீலத் தடத்தில் கிண்டி, ஆலந்தூர் பக்கம் தங்கினால் விலையும் இறங்கும், திரும்புவதும் எளிது; கடைசி ரயில் நேரத்தை மட்டும் அன்று காலையில் உறுதி செய்துகொள்ளுங்கள். கச்சேரி முடிந்து படுக்க நள்ளிரவு தாண்டிவிடும் என்பதால், உறுப்பினர் சலுகையாக எதையாவது கேட்பதென்றால், மறுநாள் அறையைக் காலி செய்யும் நேரத்தைத் தள்ளித்தரும்படி அறைக்குள் நுழையும்போதே கேளுங்கள். உங்கள் கார்டினால் கிடைத்திருக்கும் சில்வர் தகுதிக்கு அது உரிமையாகக் கிடைக்காது. அறை காலியாக இருந்தால் கிடைக்கும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். மார்கழி இசை விழாவுக்கு மனைவியுடன் பத்து நாள் சென்னையில் தங்கி, மியூசிக் அகாடமியிலும் மயிலாப்பூர்ச் சபாக்களிலும் கச்சேரி கேட்கவேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஹோட்டல் உறுப்பினர் கார்டு எடுத்தால் மிச்சமாகும் என்று மகன் சொல்கிறான். எடுக்கலாமா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: ஐயா, தங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. சில குழுமங்களில், பாயின்ட் கொடுத்துத் தொடர்ச்சியாக ஐந்து இரவு தங்கினால் நான்கு இரவுக்கு மட்டுமே பாயின்ட் எடுத்துக்கொள்வார்கள். மாரியட்டில் எல்லா உறுப்பினருக்கும், ஹில்டனில் சில்வர் தகுதியும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கும் இது உண்டு. பத்து இரவுக்கு எட்டு இரவின் பாயின்ட் போதும் என்பது காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த எட்டு இரவின் பாயின்ட்டைச் சேர்க்க, வேலை நிமித்தம் மாதம்தோறும் ஊர் ஊராகத் தங்குகிறவராக இருக்கவேண்டும், அல்லது கார்டில் ஆண்டுக்குப் பல லட்சம் செலவழிக்கிறவராக இருக்கவேண்டும். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துகிறவர், பாயின்ட்டுக்காகச் செலவைக் கூட்டுவது வேண்டாம். கார்டு பாக்கியைத் தவணையில் விட்டால் மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி ஏறும்; ஆண்டுக் கணக்கில் அது 40 சதவீதத்தைத் தாண்டும். அந்த வட்டியின் முன் எந்தப் பாயின்ட்டும் நிற்காது.

அகாடமியின் டிசம்பர் ரசிகர்களிடையே, முன்கூட்டியே பேசி விடுதி பிடிக்கும் பழக்கம் ஒன்று உண்டு. அது இன்றும் செல்லுபடியாகிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை, மயிலாப்பூர், ராயப்பேட்டை வட்டாரத்தில் எந்தக் குழுமத்தையும் சேராத நடுத்தர விடுதிகளும், சமையலறையோடு கூடிய சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகளும் இருக்கின்றன. செப்டம்பர், அக்டோபர் மாதத்திலேயே தொலைபேசியில் அழைத்து, பத்து நாள் தொடர்ச்சியாகத் தங்குவதாகச் சொல்லி மேலாளரிடம் விலை பேசுங்கள். பத்து இரவை ஒரே ஆள் எடுத்துக்கொள்கிறார் என்றால் அவர்களுக்கும் நிம்மதி; எந்த உறுப்பினர் கார்டும் தராத கழிவை நேரில் பேசித் தங்களால் பெற முடியும். நாள் வாடகை 7,500 ரூபாய்க்குள் இருக்கும்வரை வரி 5 சதவீதமே. ஆண்டுக் கட்டணமில்லாத உறுப்பினர் திட்டங்களில் பெயரைப் பதிந்துவைப்பதில் தவறில்லை. கட்டணமுள்ளது எதுவும் தங்களுக்குத் தேவைப்படாது. சபா கேன்டீன் சாப்பாடு இருக்கும்போது, ஹோட்டல் உணவகக் கழிவும் தங்களுக்குப் பெரிதாகப் பயன்படாது என்பது என் எண்ணம்.

திருவையாறு ஆராதனைக்கோ சிதம்பரம் நாட்டியாஞ்சலிக்கோ செல்வதாக இருந்தாலும் இதே பதில்தான். பன்னாட்டுக் குழுமப் பாயின்ட்டை நம்பி அங்கே போகாதீர்கள். முன்கூட்டியே போன் செய்வதுதான் அங்கே உறுப்பினர் கார்டு.

கேள்வி: பெரிய ஹோட்டல் ஒன்றின் பெயரில் தொலைபேசியில் பேசி, ஆண்டுச் சந்தா கட்டினால் ஒரு இரவு இலவசம், உணவில் பாதி விலை என்று சொல்லி உறுப்பினராக்கினார்கள். கச்சேரி நாளில் அந்த இலவச இரவைக் கேட்டால் அன்று செல்லாது என்கிறார்கள். இது முறையா?
— வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: முறையல்ல என்று மனம் சொல்லும், முறைதான் என்று அவர்களுடைய நிபந்தனைத் தாள் சொல்லும். ஹோட்டல்கள் நடத்தும் திட்டங்கள் இரண்டு வகை. ஒன்று, கட்டணமின்றிச் சேர்ந்து தங்கத் தங்கப் பாயின்ட் சேர்ப்பது. மற்றொன்று, சந்தா வாங்கிக்கொண்டு உணவுக் கழிவும் ஒன்றிரண்டு கூப்பன்களும் தருவது. இரண்டும் ஒரே குழுமத்தின் பெயரைத் தாங்கியிருந்தாலும் இரண்டும் வேறு. இரண்டாம் வகைக் கூப்பன்களில், விடுமுறை நாள், பண்டிகை நாள், அறைகள் நிரம்பும் நாள் ஆகியவற்றுக்கு விலக்கு எழுதியிருப்பார்கள். மாமல்லபுரத்திலோ வேறிடத்திலோ ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவுக்கு அந்தக் கூப்பனைச் செலவழித்துவிடுங்கள். அடுத்த ஆண்டு புதுப்பிப்பதற்கு முன், உணவுக் கழிவினால் சந்தாப் பணம் திரும்பியதா என்று கணக்குப் பாருங்கள். புதுப்பிப்புத் தொகையைக் கார்டிலிருந்து தானாக எடுக்க ஒப்புதல் கொடுத்திருந்தால் அதையும் இப்போதே நீக்கிவிடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூர் நேஷனல் ஸ்டேடியத்தில் ஒரு வெளிநாட்டுப் பாடகர் கச்சேரிக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது. அறை விலை தலைசுற்ற வைக்கிறது. என் வங்கிக் கார்டில் பாயின்ட் நிறைய இருக்கிறது; அதை ஹோட்டல் பாயின்ட்டாக மாற்றிவிடலாமா?
— வாசகர், அரியாங்குப்பம், புதுச்சேரி

பதில்: மாற்றலாம், ஆனால் இன்றே மாற்றிவிடாதீர்கள். வங்கிப் பாயின்ட்டை ஹோட்டல் கணக்குக்கு அனுப்பிவிட்டால் திரும்பப் பெற முடியாது. எந்த ஹோட்டலில், எந்த இரவு, எத்தனை பாயின்ட்டுக்கு அறை இருக்கிறது என்று முதலில் கண்டுபிடித்து, வங்கி எந்த விகிதத்தில் மாற்றித் தருகிறது, எத்தனை நாள் ஆகும் என்பதையும் பார்த்த பிறகே பொத்தானை அழுத்தவேண்டும். இடைப்பட்ட நாள்களில் அறை கைநழுவாமல் இருக்க, ரத்து செய்யக்கூடிய பண விலையில் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் பாயின்ட்டுக்குக் கூடுதல் மதிப்பு வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே அறை விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் போட்டிருப்பார்கள்: 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அந்தத் தொகையின் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் என்று அதற்குப் பொருள். 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று காட்டப்படும் அறை, கட்டும்போது ஏறக்குறைய 360 வெள்ளியாகிவிடும். பாயின்ட் கொடுத்து எடுக்கும் இரவுக்குப் பொதுவாக இந்தக் கூட்டல்கள் வருவதில்லை. எனவே ஒப்பிடும்போது 300ஐ அல்ல, 360ஐப் பாயின்ட்டால் வகுத்துப் பாருங்கள்.

குழுமத்துக்குக் குழுமம் பாயின்ட் நடந்துகொள்ளும் விதமும் வேறு. அக்கோர் குழுமத்தில் 2,000 பாயின்ட்டுக்கு 40 யூரோ என்று மதிப்பு நிலையாக இருப்பதால், விலை ஏறிய நாளில் அது உங்களுக்குத் தனி லாபம் எதையும் தராது. வெறும் பணக் கழிவாகவே நிற்கும். ஹயாத் குழுமம் பாயின்ட் விலைக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. பண விலை இரட்டிப்பானாலும் பாயின்ட் விலை அந்த அட்டவணையின் உச்சத்தைத் தாண்டாது. ஆகவே கச்சேரி இரவுக்கு, அறை கிடைக்குமானால், அட்டவணை உள்ள இடத்தில் பாயின்ட்டையும் மற்ற இடங்களில் பணத்தையும் செலவழிப்பதே சரி. நேஷனல் ஸ்டேடியத்துக்கு வாசலிலேயே ஸ்டேடியம் எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையம் இருப்பதால், அரங்கத்தை ஒட்டித் தங்கவேண்டிய தேவையும் இல்லை; கச்சேரிக்கு முந்திய இரவையும் பிந்திய இரவையும் சேர்த்தே எடுக்காமல், விலை உச்சத்தில் உள்ள அந்த ஓர் இரவுக்கு மட்டும் பாயின்ட்டை வைத்து, மற்ற இரவுகளை லிட்டில் இந்தியாப் பக்கம் சிறிய விடுதியில் பணம் கட்டிக் கழிக்கலாம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுவது தொல்லைதான். மிச்சமாகும் வெள்ளியை எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.