பேரனுக்குச் சொல்லிக்கொடுத்த பதில்

வணக்கம் ஐயா,

எனக்கு 63 வயது, கணவருக்கு 68. எங்கள் ஒரே மகள் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து பேரன் எங்களோடுதான் இருக்கிறான், இப்போது எட்டு வயது. மாப்பிள்ளை மாதாமாதம் பணம் அனுப்புவார், வந்து பார்ப்பார். இப்போது மறுமணம் செய்துகொண்டு பையனைக் கேட்கிறார். வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. நாங்களும் எங்களைக் காப்பாளராக நியமிக்கக் கேட்டுக் கோர்ட்டில் மனு (கார்டியன் ஓ.பி.) போடப்போகிறோம். வயதானவர்கள் என்று கோர்ட் தள்ளிவிடுமா? பென்ஷன் வருமானம் போதுமா? பேரனைத் தத்தெடுத்துவிடலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். பையன் தயாராக இருக்கிறான். ஜட்ஜ் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறோம்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள அம்மா,

தத்து யோசனையை விடுங்கள், அப்பா உயிரோடு இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் அது நடக்காது. பென்ஷன் கணக்கை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

வயதைப் பற்றி இவ்வளவு பயம் வேண்டாம். கொரோனாவில் அப்பா அம்மா இருவரையும் இழந்த ஒரு பையனின் வழக்கில், குஜராத் உயர் நீதிமன்றம் தாத்தா பாட்டியின் வயதையும் வருமானத்தையும் பார்த்துப் பையனைச் சித்தியிடம் கொடுத்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, தாத்தா பாட்டியிடமே ஒப்படைத்தது. ஆனால் அங்கே அப்பா இல்லை, உங்கள் வழக்கில் இருக்கிறார். 2019-ல், தாய் புற்றுநோயில் இறந்த ஒரு குழந்தையை, வளர்த்துக்கொண்டிருந்த தாய்வழி உறவினர்களிடமிருந்து அப்பாவிடமே கொடுக்கச் சொன்னதும் அதே உச்ச நீதிமன்றம்தான். குழந்தையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல் என்று சொல்லித்தான் இரண்டு தீர்ப்பும் வந்தன. அதனால் உங்களுக்குத்தான் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

சரி, உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன், அதற்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு என்னம்மா சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

நானும் பாட்டி வளர்த்த பிள்ளைதான். எனக்கு ஆறு வயதில் அம்மா போய்ச் சேர்ந்தாள், ஒன்பது வயதில் கோர்ட்டுக்குப் போனேன். அதற்கு முன் ஒரு மாதம் ராத்திரி விளக்கை அணைத்ததும் பாட்டி கேட்பாள், நான் சொல்ல வேண்டும். யாரோடு இருக்கிறாய்? பாட்டியோடு. அப்பாவிடம் ஏன் போகமாட்டாய்? அப்பா அடிப்பார். என் அப்பா என்னை ஒரு நாளும் அடித்ததில்லை. அது பாட்டிக்கும் தெரியும், அவள் பெண்ணைப் பறிகொடுத்தவள், நானும் போய்விடுவேனோ என்ற பயத்தில் எதையும் செய்யத் துணிந்திருந்தாள்.

கோர்ட் சேவகரான டவாலி என்னை மட்டும் நீதிபதியின் அறைக்குள் கூட்டிப்போனார். நீதிபதி பள்ளிக்கூடம், நண்பர்கள் என்று ஏதேதோ பேசிவிட்டு மெதுவாக அப்பாவைப் பற்றிக் கேட்டார். ராத்திரி சொல்வது போலவே, அதே ராகத்தில், சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே வராந்தாவில் அப்பா புதுச் செருப்பு ஒன்று வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு வருடமாக என்னைப் பார்க்காததால் பழைய அளவிலேயே வாங்கியிருக்கிறார், குனிந்து போட்டுப் பார்த்தார், குதிகால் நுழையவில்லை. நான் உள்ளே என்ன சொன்னேன் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

அப்புறம் தெரிந்தது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பார்க்கலாம் என்று உத்தரவு. ஏழெட்டு மாதம் வந்தார், பிறகு வரவில்லை. பாட்டி மேல் எனக்கு இன்றும் குறையில்லை, அவள் இல்லாவிட்டால் நான் இல்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தையைச் சொன்ன வாய் என்னுடையது, அதை நான் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது?

1890-ம் வருடத்துக் கார்டியன் சட்டத்தின் 17-வது பிரிவில், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று இருக்கிறது. கொள்ளலாம், அவ்வளவுதான், பிள்ளை சொல்வதே தீர்ப்பு என்று அதில் இல்லை. 2008-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளே பையனைக் கூப்பிட்டுப் பேசி, தாய்வழித் தாத்தா பாட்டியிடம் விட்டார்கள். அங்கே தாயின் சாவு தொடர்பாக அப்பா மீதே குற்ற வழக்கு இருந்தது. உங்கள் மாப்பிள்ளை மீது அப்படி ஒன்றும் இல்லை, பணம் அனுப்புகிறார், வந்து பார்க்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மனப்பாடம் பண்ணி வந்த பிள்ளையை நீதிபதிகள் தினமும் பார்க்கிறார்கள், இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். அது உங்கள் வழக்கைத்தான் கெடுக்கும்.

கெடுக்காமல் போனாலும் செய்யாதீர்கள் அம்மா. நான்கு வருடம் அவன் காய்ச்சலுக்குக் கண் விழித்தது நீங்கள். பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது உங்கள் வீட்டுக்காரர். மார்க் ஷீட், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் வீட்டில் இருக்கும், அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அதுவே பேசும். ஓ.பி. போடுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்பாவைப் பார்க்கவும் விடுமுறையில் தங்கவும் வழி வைத்து நீங்களே மனுவில் எழுதிக் கொடுங்கள்.

இன்று ராத்திரி அந்தப் பாடத்தை நிறுத்திவிடுங்கள். அவன் அப்பா போன் செய்தால், போனை அவன் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள்.