ஐரோப்பாவில் வாங்கிய பொருளுக்கு வரியை எங்கே திரும்பப் பெறுவது?

வாசகர் ஒருவர் கேட்கிறார்: “குடும்பத்தோடு முதலில் பாரிஸ், அப்புறம் ரோம். திரும்பும்போது ரோமிலிருந்து சூரிக் போய், அங்கே விமானம் மாறி வருகிறோம். பாரிஸில் ஒரு நல்ல கைப்பையும் ரோமில் காலணிகளும் வாங்க எண்ணம். சுற்றுலாப் பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தருவார்கள் என்கிறார்கள். கடைசியாக ஐரோப்பாவை விட்டுக் கிளம்புவது சூரிக்கில்தானே, அங்கே கேட்டால் போதுமா? போகும்போது என்னென்ன கொண்டுபோகக் கூடாது என்பதையும் சொல்லுங்கள்.”

சூரிக்கில் கேட்டால் கிடைக்காது. ரோமிலேயே முடித்துவிட வேண்டும்.

இந்தக் குழப்பம் ஷெங்கன் விசாவால் வருவது. ஒரே விசாவில் சூரிக் இருக்கும் சுவிட்சர்லாந்துக்கும் போய்வரலாம் என்பதால் அதுவும் அதே எல்லைக்குள் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறோம். ஆட்களுக்கான எல்லை வேறு, பொருட்களுக்கான எல்லை வேறு. வாட் எனும் மதிப்புக் கூட்டு வரியைத் திருப்பித் தருவது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏற்பாடு. சுவிட்சர்லாந்து அந்த ஒன்றியத்தில் இல்லை. உங்கள் கைப்பை ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது ரோம் விமான நிலையத்தில். ஆகவே அதைப் பார்த்து, கடையில் வாங்கிய ரீஃபண்ட் ஃபாரத்தில் முத்திரை தர வேண்டியவர் இத்தாலியின் சுங்க அதிகாரி. பாரிஸில் வாங்கிய பொருளுக்கும் அவரே. எந்த நாட்டில் வாங்கினாலும், ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி இடம்தான் கணக்கு.

பலர் கோட்டைவிடுவது லக்கேஜ் விஷயத்தில். ரோமில் செக்-இன் செய்யும்போதே பெரிய பெட்டிகளுக்கு உங்கள் ஊர்வரை சீட்டு ஒட்டிவிடுவார்கள். பெட்டி உள்ளே போனபிறகு சுங்க அதிகாரி “பையைக் காட்டுங்கள்” என்றால் எதைக் காட்டுவது? எனவே வாங்கிய பொருள் பெரிய பெட்டியில் இருந்தால், அதை ஒப்படைக்கும் முன் சுங்கத்துக்குக் காட்டியாக வேண்டும். செக்-இன் கவுண்டரில் “வரி ரீஃபண்டுக்குக் காட்ட வேண்டும்” என்று முதலிலேயே சொல்லி, பெட்டியை எங்கே கொண்டுபோவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பை மாதிரி சிறிய, விலை கூடிய பொருளைக் கையோடு வைத்துக்கொள்வதே என் சிபாரிசு. வழக்கமாகப் போகும் நேரத்தைவிட ஒரு மணி நேரமாவது முன்னதாகப் போங்கள். கூட்டம் இருந்தால் அதுவும் போதாது.

சூரிக்குக்குப் பதில் ஃபிராங்க்ஃபர்ட்டில் விமானம் மாறுவதாக இருந்தால் கதை மாறும். ஜெர்மனி ஒன்றியத்தில் இருப்பதால் கையில் கொண்டுபோகும் பொருளுக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் முத்திரை. ரோமிலேயே ஊர்வரை அனுப்பிவிட்ட பெட்டியில் இருப்பதற்கு மட்டும் ரோமில். ஒரே குடும்பத்தின் சாமான் இரண்டு இடங்களில் பிரியும், கவனம்.

அடுத்து, கடையில் செய்ய வேண்டியது. பணம் கட்டும்போதே ரீஃபண்ட் ஃபாரம் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண பில்லை வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் வாதாடிப் பயனில்லை. பாஸ்போர்ட் அவசியம். ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவருக்கு மட்டுமே இந்தச் சலுகை என்பதால், பாரிஸில் குடியிருக்கும் உறவினர் பெயரில் ஃபாரம் போட்டால் செல்லாது. எல்லாக் கடைகளும் இதில் சேர்ந்திருப்பதில்லை, முதலில் கேட்டுவிடுங்கள். பிரான்ஸில் ஒரு கடையில் வாங்கியது 100 யூரோவைத் தாண்ட வேண்டும், இத்தாலியில் 70 யூரோவை. இத்தாலியில் 2024 பிப்ரவரிக்கு முன்பு இது 154.94 ஆக இருந்தது. பழைய பயணக் குறிப்புகளில் இன்னும் அந்த எண்ணைப் பார்க்கலாம், நம்ப வேண்டாம். ஹோட்டல் வாடகை, சாப்பாடு, டாக்சி போன்றவற்றுக்கு எதுவும் திரும்பாது, பொருளுக்கு மட்டும்தான்.

எவ்வளவு கிடைக்கும்? பிரான்ஸில் வாட் 20 விழுக்காடு, இத்தாலியில் 22. “அப்படியானால் 1,200 யூரோ பைக்கு 240 வந்துவிடும்” என்று கணக்குப் போட வேண்டாம். விலைக்குள்ளேயே வரி அடங்கியிருப்பதால் அதில் உள்ள வரி 200 யூரோ. அதிலும் ரீஃபண்டைக் கையாளும் நிறுவனம் தன் கட்டணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் தரும். பிரான்ஸில் பொதுவாகக் கைக்கு வருவது விலையில் 12 விழுக்காடு அளவு, அதாவது 144 யூரோ போல. ரொக்கமாகக் கேட்டால் இன்னும் கொஞ்சம் பிடிப்பார்கள். வேறு நாணயத்தில் மாற்றித் தருகிறோம் என்றால் அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. அவசரம் இல்லையென்றால் கிரெடிட் கார்டில் வரட்டும். பாரிஸ், ரோம் போன்ற நகரங்களுக்குள்ளேயே முன்கூட்டிப் பணம் தரும் கவுண்டர்களும் உண்டு. ஆனால் அதற்கு உங்கள் கார்டை ஈடாக வைப்பார்கள். பிறகு முத்திரை வாங்கத் தவறினால் கொடுத்ததைக் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் பாரிஸ் ஃபாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரான்ஸில் பாப்லோ என்ற இயந்திரங்கள் உண்டு, ஃபாரத்தின் பார்கோடைக் காட்டினால் வேலை முடிந்தது. அந்த வசதி பிரான்ஸிலிருந்தே வெளியேறுபவர்களுக்கு. நீங்கள் ரோம் வழியாகப் போவதால் பிரெஞ்சு ஃபாரத்தோடு இத்தாலியச் சுங்கக் கவுண்டருக்கு நேரில் போய் முத்திரை வாங்கி, ரீஃபண்ட் நிறுவனத்தின் பெட்டியில் போட வேண்டும் அல்லது தபாலில் அனுப்ப வேண்டும். போடுவதற்கு முன் முத்திரை தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் வராவிட்டால் உங்கள் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

காலக்கெடுவும் உண்டு. வாங்கிய மாதம் முடிந்து மூன்று மாதத்துக்குள் பொருள் ஒன்றியத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். ஜூன் 10 அன்று வாங்கினால் செப்டம்பர் 30 வரை. இரண்டு வாரப் பயணத்தில் இது ஒரு கவலையே இல்லை. வாங்கிய பையை அன்றே மாட்டிக்கொண்டு ஊர் சுற்றாமல், விலைச்சீட்டோடு புதிதாகவே வைத்திருந்தால் அதிகாரியிடம் பேச்சு வளராது.

கடைசி நேரத்தில் லண்டனைச் சேர்த்துக்கொள்ளும் யோசனை இருந்தால் ஒன்று: பிரிட்டன் 2021 முதல் சுற்றுலாப் பயணிகள் கையில் எடுத்துச்செல்லும் பொருளுக்கு வரி திருப்பித் தருவதில்லை (வட அயர்லாந்து மட்டும் விலக்கு). அங்கே பெரிய கொள்முதல் வேண்டாம்.

இனி உள்ளே நுழையும்போது. ஒன்றியத்துக்குள் 10,000 யூரோ அல்லது அதற்குச் சமமான ரொக்கம் கொண்டுவருபவர் அறிவித்தாக வேண்டும். கொண்டுவருவது தடையில்லை, சொல்லாமல் விடுவதுதான் குற்றம். இந்த வரம்பு தலைக்கு இவ்வளவு என்று.

மக்கள் உண்மையில் மாட்டிக்கொள்வது சாப்பாட்டுப் பொருளில். இறைச்சி, பால் பொருட்களை ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கையில் கொண்டுவரக் கூடாது. வெண்ணெய், நெய், பாலாடைக்கட்டி எல்லாம் இதில் சேரும். குழந்தைக்கான பால் பவுடர் 2 கிலோ வரை விலக்கு, அதுவும் குளிர்பதனம் தேவைப்படாத, பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால். பழம், காய், இலை போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அன்னாசி, தேங்காய், டுரியன், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்துக்கு மட்டும் வேண்டாம். மருந்து உங்கள் தேவைக்கு மட்டும், மருத்துவர் சீட்டோடு. அணிந்துபோகும் நகை, கேமரா முதலியன சொந்த உபயோகம் என்பதால் திரும்பக் கொண்டுவருவதாக இருந்தால் வரி கிடையாது. விலை உயர்ந்த நகையாக இருந்தால் கிளம்பும் முன் உங்கள் நாட்டுச் சுங்கத்தில் பதிவுசெய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி எழாது.

இன்னொன்று: அங்கே வரி திரும்பியது என்பதால் உங்கள் நாட்டில் சுங்க வரி இல்லை என்று ஆகிவிடாது. தலைக்கு இவ்வளவு மதிப்புவரை என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒரு வரம்பு உண்டு, அது அவ்வப்போது மாறும். 1,200 யூரோ பை அதைத் தாண்டுகிறதா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். தாண்டினால் கிடைக்கும் 144 யூரோவைவிட இங்கே கட்டுவது கூடவும் ஆகலாம்.