கிணற்று நீரில் ஈ.கோலை: கர்ப்பிணி இருக்கும் வீட்டில் என்ன செய்வது?

கேள்வி: நாகர்கோவில் அருகே எங்கள் வீடு. மாமனார் காலத்தில் வெட்டிய கிணறு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ருசியும் நன்றாக இருக்கும். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ஏழு மாதம். அவள் சொல்லித்தான் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். ரிப்போர்ட்டில் ‘மொத்த கோலிஃபார்ம் 240, ஈ.கோலை 23, குடிக்க ஏற்றதல்ல’ என்று வந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் வயிற்றுப்போக்கு கூட இல்லை. மாமனார் இதே தண்ணீரைக் குடித்து 86 வயது வரை இருந்தார். மூன்று வருடம் முன்பு பக்கத்து வீட்டில் உறை இறக்கிப் புதுக் கழிவறை கட்டினார்கள். எங்கள் கிணற்றிலிருந்து இருபது அடி இருக்கும். ரிப்போர்ட்டை நம்புவதா? ஒரு ஆர்.ஓ. வாங்கி வைத்தால் போதுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அம்மா, ரிப்போர்ட்டை நம்புங்கள். இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பார்க்கலாம்.

மகள் உட்பட வீட்டில் எல்லோரும் இனி காய்ச்சி ஆறிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். தண்ணீர் சூடானால் மட்டும் போதாது. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கி, மூடி வைத்து, அதே பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். குழாய் வைத்த பாத்திரமாக இருந்தால் நல்லது, யாரும் தம்ளரை உள்ளே முக்க மாட்டார்கள். நம் வீடுகளில் எங்கே தவறுகிறது என்றால், குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிவிட்டு மோரைக் கிணற்று நீரில் கலக்குவோம், சட்னி அரைக்கும்போது கை தன்னால் பச்சைத் தண்ணீரை ஊற்றும், திராட்சையை அதிலேயே அலசித் தருவோம். அடுப்பில் கொதிக்காமல் வாய்க்குள் போகிற எதற்கும் கிணற்று நீர் வேண்டாம், பல் துலக்கவும் வேண்டாம். குளிக்க, துணி துவைக்க, வீடு கழுவத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். கோலிஃபார்ம் என்பது ஒரு பெரிய குடும்பம். அதில் சில மண்ணிலும் அழுகிய இலையிலும் சாதாரணமாகவே வாழ்பவை. மரநிழலில் திறந்து கிடக்கும் கிணற்றில் மொத்த கோலிஃபார்ம் 240 மட்டும் வந்திருந்தால் நான் இவ்வளவு பதறமாட்டேன். ஈ.கோலை அப்படியல்ல. அது மனிதர், மாடு, ஆடு, கோழி போன்ற வெப்பரத்த உயிர்களின் குடலில் இருப்பது. தண்ணீரில் நெடுநாள் தங்காது. ஆகவே கிணற்றில் அது இருந்தால், சமீபத்தில் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். ஈ.கோலையில் பெரும்பாலானவை நமக்கு நோய் தராதவை என்பதும் உண்மைதான். அது வந்த வழியில் டைபாய்டு, காலரா, சீதபேதி, மஞ்சள்காமாலை வைரஸ் எல்லாம் வரமுடியும் என்பதற்காகத்தான் உலகம் முழுக்க அதைத் தேடுகிறார்கள்.

நம் நாட்டுக் குடிநீர்த் தரக்குறிப்பு, ஐ.எஸ். 10500, 100 மில்லி நீரில் ஈ.கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. பரவலாகப் பயன்படும் அபாய வகைப்பாட்டில் 1 முதல் 10 வரை நடுத்தரம், 11 முதல் 100 வரை அதிகம், 100க்கு மேல் மிக அதிகம். உங்கள் 23 ‘அதிகம்’ என்ற வகையில் விழுகிறது. ஆனால் இந்த எண்ணையே பிடித்துக்கொண்டு உட்கார வேண்டாம். சோதனைக்குழாய்களில் நீரை வெவ்வேறு அளவில் ஊற்றி, எத்தனை குழாயில் கிருமி வளர்ந்து வாயு உண்டாகிறது என்று பார்த்து அட்டவணைப்படி மதிப்பிடும் எண் இது. உண்மையான அளவு 10ஆகவும் இருக்கலாம், 80ஆகவும் இருக்கலாம். நேற்று பூஜ்யமாக இருந்திருக்கலாம், நாளை மழை பெய்தால் சில நூறாகலாம். மலம் சேரும் ஏதோ ஓர் இடத்திலிருந்து உங்கள் கிணற்றுக்கு வழி திறந்திருக்கிறது என்பதுதான் இந்த ரிப்போர்ட் சொல்லும் செய்தி. அந்த வழி அடைபடும் வரை, நடுவில் ஒரு ரிப்போர்ட் சுத்தமாக வந்தாலும் நான் அதை ஏற்க மாட்டேன்.

தெளிவையும் ருசியையும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. 1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது, சூசன்னா ஈலி என்ற பெண்மணி அந்தத் தெருவிலேயே இல்லை. தொலைவில் ஹாம்ஸ்டெட்டில் குடியிருந்தார். பிராட் தெருப் பம்புத் தண்ணீரின் சுவை பிடித்துப்போனதால் அங்கிருந்து வரவழைத்துக் குடித்தார். காலரா வந்து இறந்தார். பிறகு தோண்டிப் பார்த்தபோது, அந்தப் பம்பின் கிணற்றிலிருந்து மூன்று அடிக்கும் குறைவான தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி, செங்கல் சிதைந்து கசிந்துகொண்டிருந்தது.

மாமனார் விஷயம். அவர் குடித்தபோது பக்கத்து வீட்டு உறை அங்கே இல்லை. கிணறு ஒன்றுதான், தண்ணீர் வேறு. இன்னொன்றும் உண்டு. அந்தத் தலைமுறையில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே ஹெபடைட்டிஸ் ஏ என்ற மஞ்சள்காமாலை வைரஸ் தொற்று வந்து, தெரியாமலே போய், ஆயுளுக்கும் எதிர்ப்பு சக்தியைக் கொடுத்துவிட்டது. சுத்தமான தண்ணீர் குடித்து வளர்ந்த இன்றைய இளைஞர்கள் பலருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வெளியூரில் வளர்ந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் மட்டும் காமாலையோடு என்னிடம் வருவதும், தாத்தா பாட்டி கல்லுப் போல இருப்பதும் இதனால்தான்.

உங்கள் வீட்டில் என்னைக் கவலைப்பட வைப்பது ஹெபடைட்டிஸ் இ. இதுவும் மலம் கலந்த நீரால் பரவும் காமாலைதான். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் சில வாரங்களில் தானே சரியாகிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் கதையே வேறு: கல்லீரல் திடீரென்று செயலிழந்து, பாதிக்கப்பட்ட கர்ப்பிணிகளில் 20 முதல் 25 சதவீதம் வரை உயிரிழக்கக்கூடும். 1955 டிசம்பரில் டெல்லியில் நடந்ததை மருத்துவ மாணவர்களுக்கு இன்றும் சொல்லித் தருகிறோம். யமுனை தன் போக்கை மாற்றியதால், வஜீராபாத்தில் நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. அதிகாரிகள் அதைக் கவனித்துக் குளோரினைக் கூட்டினார்கள். டைபாய்டு, பேதி எதுவும் கூடவில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்குக் காமாலை வந்தது; கர்ப்பிணிகளுக்குத்தான் பேரிழப்பு. பாக்டீரியாவைக் கொல்லப் போதுமான குளோரின் வைரஸுக்குப் போதவில்லை. சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு சோதித்தபோதுதான் அது இன்று நாம் ஹெபடைட்டிஸ் இ என்று அழைக்கும் நோய் என்று தெரிந்தது.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த வைரஸ் உடம்புக்குள் போய் 2 முதல் 10 வாரம் கழித்தே நோய் காட்டும். இன்று காய்ச்சத் தொடங்கினாலும், மகள் இதற்கு முன் குடித்ததை மனதில் வைத்து அடுத்த இரண்டரை மாதம் கவனமாக இருக்க வேண்டும். சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, விடாத வாந்தி, காய்ச்சல், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது, கண் மஞ்சள் - எது வந்தாலும் அன்றே மகப்பேறு மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கீழாநெல்லி கொடுத்து ‘நாலு நாள் பார்ப்போம்’ என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். தூக்கக் கலக்கமோ குழப்பமான பேச்சோ தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அடுத்த செக்கப்பில் இந்தத் தண்ணீர் ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

இப்போது கிணற்றடிக்குப் போய் நின்று பாருங்கள். சுற்றுச்சுவரும் சிமெண்ட் தளமும் விரிசலில்லாமல் இருக்கின்றனவா? சிந்தும் நீர் வெளியே ஓடுகிறதா, தேங்கி மறுபடி உள்ளே இறங்குகிறதா? வாளிக் கயிறு எங்கே கிடக்கிறது? பல வீடுகளில் நான் பார்த்தது: கோழி மேயும் ஈரத்தரையில் கயிறு சுருண்டு கிடக்கும், அடுத்த தடவை அதே கயிறு பத்தடி ஆழத்துக்குள் முங்கி எழும். தொழுவம் கிணற்றுக்கு மேட்டுப்பக்கம் இருந்தால் அதுவும் சந்தேகத்துக்குரியது. மாட்டுச் சாணத்திலும் ஈ.கோலை உண்டு, சாதாரண ரிப்போர்ட் மனித மலத்தையும் சாணத்தையும் பிரித்துச் சொல்லாது.

ஆனாலும் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதல் சந்தேகம் அந்த உறைமேல்தான். செப்டிக் டேங்க் என்று பேர் சொன்னாலும், அடியில் தளம் இல்லாமல் உறை மட்டும் இறக்கினால் அது மண்ணுக்குள் கழிவை உறிஞ்சவிடும் குழி. அப்படிப்பட்ட குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 15 மீட்டர், அதாவது 50 அடியாவது வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. உங்களுக்கு இருபது அடிதான். குழியின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே 2 மீட்டராவது காய்ந்த மண் இருந்தால்தான் அது வடிகட்டும். உங்கள் மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு; மழைக்காலத்தில் கிணற்று நீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வரும் வீடுகளில் அந்த மண்ணே மிஞ்சாது. வெட்டுக்கல் பூமியானால் அதன் துளைகளும் வெடிப்புகளும் கழிவுநீரைச் சீக்கிரம் கடத்திவிடும்.

மறுபடி சோதிக்கும்போது நைட்ரேட்டும் குளோரைடும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கழிவுநீர் பல மாதமாக ஊறிவந்தால் இவை இரண்டும் தூரத்துக் கிணறுகளைவிட உங்கள் கிணற்றில் கூடுதலாகத் தெரியும். உரம் போடும் தோட்டம் பக்கத்தில் இருந்தால் நைட்ரேட் அதனாலும் ஏறும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பொதுமக்களும் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். கிருமிச் சோதனைக்கு மினரல் வாட்டர் பாட்டிலில் பிடித்துப் போகாதீர்கள். அவர்கள் தரும் சுத்திகரித்த பாட்டிலை வாங்கி, வாய்ப்பகுதியிலும் மூடியின் உள்பக்கத்திலும் விரல் படாமல் பிடித்து, மேலே கொஞ்சம் காற்றிடம் விட்டு மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேருங்கள். வெயிலில் அரைநாள் வண்டியில் கிடந்த மாதிரி எதையும் சரியாகச் சொல்லாது.

ஊராட்சியில் தண்ணீர் சோதிக்கும் பெண்களிடம் ஒரு சின்னப் புட்டி இருக்கும். தண்ணீரை ஊற்றி அலமாரியில் வைத்தால், மலக்கலப்பு இருக்கிற நீர் ஒன்று இரண்டு நாளில் கறுத்துவிடும். 1982இல் இந்திய விஞ்ஞானிகள் எழுதிய எளிய முறை இது. எண்ணிக்கை தராது, கிணற்றில் இயல்பாகவே கந்தக வாடை இருந்தால் பொய்யாகவும் கறுக்கும். ஆனால் மாதம் ஒருமுறை வீட்டிலேயே கண்காணிக்க இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது.

ப்ளீச்சிங் பவுடர் போடலாம், போடவும் வேண்டும். ஆறடி விட்டமும் பத்தடி நீரும் உள்ள கிணற்றில் ஏறக்குறைய 8,000 லிட்டர் இருக்கும். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் 20 கிராம் என்பது சாதாரணக் கணக்கு. மாசு கலந்த கிணற்றுக்கு அது போதாமல் போகலாம். வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்த நீரைக் கிணற்றில் விட்டு, வாளியை இறக்கி நன்றாகக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சுகாதார ஆய்வாளரின் குளோரோஸ்கோப்பில், அதாவது நீரில் மிஞ்சிய குளோரினை அளக்கும் கருவியில், லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இன்னும் போட வேண்டும். உடைத்து வைத்த பழைய பாக்கெட் வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். கசிவு தொடரும்வரை நாலு நாளில் நிலைமை பழையபடி ஆகிவிடும் என்பதையும் மறக்காதீர்கள். குளோரின் போட்ட மறுநாள் மாதிரி எடுத்து ‘சுத்தம்’ என்று ரிப்போர்ட் வாங்குவதில் பயனில்லை. இரண்டு வாரம் கழித்து, ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் எடுங்கள்.

ஆர்.ஓ. பற்றிக் கேட்டிருந்தீர்கள். நல்ல நிலையில் உள்ள ஆர்.ஓ. கிருமியையும் நைட்ரேட்டையும் பெருமளவு குறைக்கும். சிக்கல் பராமரிப்பில்தான்: சவ்வு கிழிந்தாலோ, உள்ளே இருக்கும் சேமிப்புத் தொட்டி அழுக்கானாலோ உங்களுக்குத் தெரியவே தெரியாது. விற்க வருபவர் டி.டி.எஸ். மீட்டரை முக்கி எண்ணைக் காட்டுவார். அந்த மீட்டர் கரைந்த உப்பை மட்டுமே அளக்கும். ஒரு டம்ளர் சுத்தநீரில் ஒரு துளி சாக்கடையைக் கலந்தாலும் அந்த எண் பெரிதாக அசையாது. வாங்குவதென்றால் வாங்குங்கள், ஆனால் பிரசவம் முடியும்வரை அந்த நீரையும் காய்ச்சியே கொடுங்கள்.

குழந்தை பிறந்தபின் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர் ஒரு சங்குகூட வேண்டாம். ஏதோ காரணத்தால் புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தால், நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய நீரில் பால்பவுடரைக் கரைக்கவே கூடாது. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, நீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பூக்கும் ஆபத்து அதில் உண்டு.

பக்கத்து வீட்டாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் வீட்டிலும் கிணறு இருந்தால் அது அந்தக் குழிக்கு இன்னும் பக்கத்தில்தான் இருக்கும். அவர்கள் பிள்ளைகளும் அதையே குடிக்கிறார்கள். இரண்டு கிணற்று நீரையும் ஒரே நாளில் சோதனைக்குக் கொடுங்கள். இரண்டு ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு சேர்ந்தே ஊராட்சிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுகாதார ஆய்வாளரிடமும் போனால், அடித்தளமும் சுவரும் பூசிய தொட்டியாக மாற்றுவதைப் பற்றிப் பேச முடியும். அது முடிந்து, மழைக்குப் பின் எடுத்த இரண்டு மாதிரிகள் அடுத்தடுத்து ஈ.கோலை இல்லாமல் வரும்வரை, காய்ச்சுவதை நிறுத்த வேண்டாம்.