ஒட்டடை அடித்தவருக்கும் ஓவியம்: எர்திக் மாளிகை கேள்வி பதில்

வடகிழக்கு வேல்ஸில், ரெக்ஸம் நகரை ஒட்டி இருக்கிறது எர்திக் மாளிகை. இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு வந்து ஓயாமல் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். வந்து குவிந்த கேள்விகளுக்கு இதோ பதில்.

கே: அக்கா, முதலில் பெயர். எர்டிக்கா, எர்திக்கா?

எர்திக். வேல்ஷ் மொழியில் 'டி' எழுத்து இரட்டித்து வந்தால், நம் 'அது'வில் வரும் 'த' ஒலி. நம் நாக்குக்கு வேலையே இல்லை.

கே: கட்டியது யார்? பெரிய பிரபுவா?

பிரபு இல்லை. ஜோஷுவா எடிஸ்பரி என்ற உள்ளூர் நிலக்கிழார். 1684-ல் தாமஸ் வெப் என்ற கொத்தனாரை வைத்து வேலையைத் தொடங்கினார். வீட்டைக் கட்டிப்பார் என்பார்களே, அதேதான், கடனில் மூழ்கிப்போனார். 1710-களின் நடுவில் வீடு ஜான் மெல்லர் என்ற லண்டன் வக்கீல் கைக்குப் போனது. இருபுறமும் புதிய கட்டடப் பகுதிகளைக் கூட்டி, வெள்ளி மெருகு நாற்காலி, ஆளுயரக் கண்ணாடி, சீனப் பட்டு வேய்ந்த கட்டில் என்று நிரப்பியவர் அவர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. 1733-ல் அவர் இறந்ததும் சகோதரி மகன் சைமன் யார்க்குக்குச் சொத்து வந்தது. அதன் பின் 1973 வரை சைமன், பிலிப் என்ற இரண்டே பெயர்கள்தான் ஆண்டன.

கே: சென்னைக்கும் இந்த வீட்டுக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு. எலிஹு யேல். கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தில் 1680-ல் நடந்த முதல் கல்யாணம் இவருடையதுதான். 1687-ல் மதராஸ் கவர்னரும் ஆனார். இவர் குடும்ப வீடு எர்திக்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. எடிஸ்பரிக்குக் கடன் கொடுத்தவர்களில் இவரும் ஒருவர். மதராசிலிருந்து இவர் அனுப்பிய அரக்கு மடிப்புத் தட்டி இன்னும் மாளிகையில் நிற்கிறது. செய்தது சீனாவில். ஆனால் அந்த வகைக்கே 'கோரமண்டல்' என்றுதான் பெயர். நம் சோழமண்டலக் கரையில் கப்பல் மாறிப் போனதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

கே: படத்தில் முன்பக்கம் கல், பின்பக்கம் செங்கல். ஏன் இப்படி?

மேற்கிலிருந்து அடிக்கிற மழையும் காற்றும் செங்கல்லை அரித்தன. 1770-களில் ஜேம்ஸ் வயட் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு அந்தப் பக்கத்துக்கு மட்டும் கல் போர்த்தினார்கள். எனக்கு அது ஏதோ அரசு அலுவலகம் மாதிரித்தான் படுகிறது. தோட்டப் பக்கச் செங்கல் முகம்தான் அழகு.

கே: வேலைக்காரர்களுக்கு ஓவியமாமே, நிஜமா?

நிஜம். நான் போனதே அதற்காகத்தான். முதலாம் பிலிப் யார்க் 1790-களில் தன் பணியாட்களை எண்ணெய் வண்ணத்தில் வரையச் சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஒரு பாட்டும் எழுதினார். தச்சர், வேட்டைக் காவலர், சமையல்கட்டு ஆள் எல்லோரும் உண்டு. என்னை நிற்க வைத்தவர் ஜேன் எப்ரெல். வயது 87. பாட்டில் அவர் உத்தியோகம் 'ஒட்டடை அடிப்பவர்' என்றே இருக்கிறது. அதையும் ஏறக்குறைய 70 வருஷம் செய்திருக்கிறார். நம் எல்லோருக்கும் தாய் என்று அந்தப் பாட்டு அவரை வரவேற்கிறது. பின்னால் வந்த யார்க்குகள் படம் பிடிக்கும் வழக்கத்தை விடவில்லை, கேமராவுக்கு மாறிக்கொண்டார்கள்.

அன்பு ஒருபுறம் இருக்கட்டும், கண்ணை உறுத்துவதும் உண்டு. அதே வரிசையில் கறுப்பினச் சிறுவன் ஒருவன், ஊதுகொம்போடு நிற்கிறான். அவனைப் பற்றி அதிகம் தெரியாது என்று பாட்டெழுதியவரே ஒப்புக்கொள்கிறார். பாட்டில் பெயர்கூட இல்லை.

கே: வேல்ஸில் எத்தனையோ மாளிகைகள் இடிந்துபோயின. இது எப்படித் தப்பியது?

நூலிழையில். பூங்காவுக்கு அடியில் பெர்ஷம் சுரங்கத்தின் நிலக்கரி. தோண்டத் தோண்ட வீடு ஏறக்குறைய 5 அடி உள்ளிறங்கியது, அதுவும் கோணலாக. கூரை பிளந்து மெல்லரின் பட்டுக் கட்டில்மேல் மழை ஒழுகியது. 1922-ல் சொத்துக்கு வந்த நான்காம் சைமன் கரண்ட்கூட இழுக்கவில்லை, 1966-ல் இறந்தார். அடுத்து வந்த தம்பி பிலிப் நாடகக்காரர். ஆட்டை மேயவிட்டுப் புல் வெட்டிய மனிதர். 1973-ல், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் தேசிய அறக்கட்டளைக்கு (நேஷனல் டிரஸ்ட்) வீட்டைக் கொடுத்தபோது அவர் போட்ட நிபந்தனை, ஒரு பொருளையும் பிரித்து விற்கக் கூடாது என்பது. நிலக்கரி வாரியம் 1,20,000 பவுண்ட் நஷ்டஈடு தந்தது. 63 ஏக்கர் நிலத்தை விற்றும் சீரமைப்புச் செலவை ஈடுகட்டி, 1977-ல் திறந்தார்கள்.

இந்தக் குடும்பம் எதையும் தூக்கிப் போட்டதில்லை. சமையலறையில் 'வீணாக்காதே, குறை வராது' என்று ஆங்கிலத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். உள்ளே சுமார் 30,000 பொருள்கள்.

கே: அரை நாள்தான் இருக்கிறது. எதை விடக்கூடாது?

வழியே அதைத் தீர்மானித்துவிடும். முன்வாசலில் விடமாட்டார்கள், தச்சுப்பட்டறை, கொல்லன் உலை, லாயம், சலவைக்கூடம் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே வந்ததும் பூங்காவில் 'கோப்பையும் சாசரும்' என்ற அருவி. 1774-ல் வில்லியம் எம்ஸ் அமைத்தது. ஓடைத் தண்ணீர் வட்டத் தொட்டியில் நிறைந்து, நடுவிலுள்ள துளையில் இறங்கிக் காணாமல் போய், கொஞ்சம் தள்ளிச் சுரங்கவழியாக வெளியே வரும். மழை பெய்த மறுநாள் போங்கள். ரப்பர் பூட்ஸ் அவசியம், நான் செருப்போடு போய்ச் சேற்றில் மாட்டிக்கொண்டேன்.