டியூப்லைட்டுக்கு எவ்வளவு வரி?

கேள்வி: 2024இல் தஞ்சோங் பகாரில் சிங்கப்பூர் கலை அரும்பொருளகம் வைத்த ஒலாஃபுர் எலியசன் என்ற கலைஞரின் கண்காட்சிக்குப் போனேன். மஞ்சள் விளக்கு போட்ட நடைபாதை, இருட்டறையில் தண்ணீர்த் தூறல். இதற்கு டிக்கெட் வேறு! எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் டியூப்லைட் இலவசமாகவே எரிகிறதே, அதுவும் கலையா? (ஈசூன் வாசகர்)

பதில்: டியூப்லைட் என்றீர்கள், எனக்குச் சுங்கத்துறை ஞாபகம் வந்துவிட்டது. டான் ஃபிளேவின் என்ற அமெரிக்கர் 1963 முதல் கடையில் விற்கும் டியூப்லைட்டுகளைச் சுவரில் மாட்டியே பெயர் வாங்கியவர். 2006இல் அவருடைய படைப்பை லண்டன் கலைக்கூடம் ஒன்று இறக்குமதி செய்தது. சிற்பம் என்றால் 5 சதவீத வரிதான். பிரிட்டிஷ் சுங்கத்துறையோ, 'இது விளக்கு, முழு வரி கட்டு' என்றது. 2008இல் தீர்ப்பாயம் கலைதான் என்றது. 2010இல் ஐரோப்பிய ஆணையம், இல்லை, விளக்குதான் என்றது. வேடிக்கை என்னவென்றால், வரி விகிதத்துக்கு அது டியூப்லைட், விலை மதிப்பிட மட்டும் கலைப்படைப்பு! அந்த ஆணையத்தில் ஆள் எடுத்தால் உங்களுக்கு நானே சிபாரிசுக் கடிதம் தருகிறேன்.

சரி, அந்த நடைபாதை. உங்கள் புளோக் விளக்கில் எல்லா நிறமும் கலந்திருக்கிறது. எலியசனின் விளக்கில் இருப்பது கிட்டத்தட்ட ஒரே அலைநீளம், சுமார் 589 நானோமீட்டர். அதனால் மஞ்சளையும் கறுப்பையும் தவிர வேறெந்த நிறமும் அங்கே பிழைக்காது. தேக்காவில் பத்துக் கடை ஏறி இறங்கி எடுத்த அரக்குச் சேலையும் அதன் பச்சை பார்டரும் ஒரே அழுக்கு நிறமாகிவிடும். நெற்றிக் குங்குமம் கறுத்துவிடும். தூறல் 1993இல் செய்தது. அதில் தெரியும் வானவில் நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிவது வேறு வானவில். கூட்டமோ அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்தது. முதுகுக்கும் சேர்த்தா டிக்கெட் வாங்கினார்கள்?

விளக்கு என்றதும் இன்னொன்று. எழுதினால் சங்கத் தலைவர்கள் மறுபடி ஃபோன் செய்வார்கள், செய்யட்டும். மண்டபத்தில் தீ எச்சரிக்கை மணி அலறிவிடும் என்று மின்சாரக் குத்துவிளக்கு வந்தாகிவிட்டது. நல்லது. அதற்கும் எதற்கய்யா ஐந்து பேரைப் பட்டம் பதவியோடு ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிடுகிறீர்கள்? அவர்கள் ஏற்றுவதுபோல் கையை நீட்ட, திரைக்குப் பின்னால் ஒரு தம்பி சுவிட்சைப் போடுகிறார். அண்மையில் ஒரு விழாவில் தம்பி அவசரப்பட்டுவிட்டார். சிறப்பு விருந்தினர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஐந்து திரியும் எரிந்துவிட்டன. நெறியாளர் அசரவில்லை. "விளக்கேற்றிச் சிறப்பித்த ஐயா அவர்களுக்கு நன்றி" என்று சொல்லி, பொன்னாடை போர்த்த அடுத்தவரை அழைத்துவிட்டார்.